பீளமேட்டு ஜெராக்ஸ் கடை ஸ்பைரல் நோட்ஸ்: சிஸ்டம் கால் ரிட்டர்ன் வேல்யூ, வாங்கலாமா?

முதல்லயே சொல்லிர்றேங்க, வாங்கலாம். சி லாங்குவேஜ் தெரிஞ்சு லினக்ஸ்ல கொஞ்சமாச்சும் கை வெச்சவங்க தாராளமா வாங்கலாம், செமஸ்டர் பரிச்சைக்கு ரெண்டு மார்க் கேள்வி பதில் தேடறவங்க அந்தப் பக்கமே போக வேண்டாம், அப்படி ஒண்ணும் இதுல இல்லை. கோயமுத்தூர் பீளமேட்டுல காலேஜ் பக்கத்து சந்துல ஜெராக்ஸ் கடைங்க வரிசையா இருக்குதல்லங்க, அதுல ஒரே ஒரு கடையில மட்டும் கிடைக்குது. பச்சை அட்டை, ஸ்பைரல் பைண்டிங், 180 ரூவா. அட்டையில "சிஸ்டம் கால் ரிட்டர்ன் வேல்யூ"ன்னு மட்டும்தான் போட்டிருக்கும், எழுதினவரு பேரு எங்கயும் இல்லை. கடைக்கார அண்ணன்கிட்ட கேட்டா "ஒரு மில்லுல கம்ப்யூட்டர் செக்சன்ல இருந்து ரிட்டையர் ஆனவருங்க, அவரு திருத்தித் திருத்திக் குடுப்பாரு, நான் போட்டு விப்பேன்"ன்னாரு. உள்ள படிச்சா அது நெசம்தான்னு தெரியுது, டாஸ், மெயின்ஃப்ரேம், வேக்ஸ்னு இந்தக் காலத்துப் பசங்க கேள்வியே படாததெல்லாம் நோட்ஸ்ல நெம்ப உரிமையா வந்துட்டுப் போகுது.

சிஸ்டம் கால்ங்கறது நம்ம புரோகிராம் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கிட்ட ஒரு வேலை சொல்றது, ரிட்டர்ன் வேல்யூங்கறது அது திருப்பிக் குடுக்கற பதில். மத்த புத்தகம் எல்லாம் சிஸ்டம் காலை எப்படிக் கூப்பிடறது, என்ன ஆர்க்யுமென்ட் குடுக்கறதுன்னே பக்கம் பக்கமா ஓட்டுவாங்க, ரிட்டர்ன் வேல்யூன்னு வந்தா "தப்பானா மைனஸ் 1 வரும்"னு ஒரு வரியில முடிச்சிருவாங்க. இவரு அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து வெச்சு நோட்ஸ் முழுக்க அதையே பேசறாரு. நம்ம புரோகிராம் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கிட்ட ஒரு வேலை சொல்லுது, அது முடிச்சுட்டோ முடிக்காமலோ திரும்பி வருது, வந்து என்ன சொல்லுது, எந்த இடத்துல வெச்சு சொல்லுது, அதை நாம சரியாப் படிக்கறமா, அவ்வளவுதான் சங்கதி.

ஆரம்பத்துல ஈரோட்டு மஞ்சள் ஏலத்தை வெச்சு ஒரு விளக்கம் குடுத்திருக்காரு, இதுக்கே 180 ரூவா குடுக்கலாமுங்க. ஏலத்துக்கு ஒரு ஆளை அனுப்பறோம், அவன் கையில ஒரு துண்டுச்சீட்டு, சீட்டுல ஒரே ஒரு கட்டம். வித்துச்சுன்னா குவிண்டாலுக்கு என்ன விலைன்னு அந்தக் கட்டத்துல எழுதிட்டு வரோணும், விக்கலைன்னா ஏன் விக்கலைங்கறதையும் அதே கட்டத்துலதான் எழுதோணும். அப்போ என்ன பண்ணலாம்? விலையா வரவே முடியாத நம்பர் சிலதை "விக்கலை"க்குன்னு ஒதுக்கி வெக்கலாம், இல்லைன்னா சீட்டு ஓரத்துல வித்துச்சா இல்லையான்னு டிக் அடிக்கத் தனியா ஒரு இடம் விடலாம், அதுவும் இல்லைன்னா சீட்டுல வித்துச்சா இல்லையாங்கறதை மட்டும் எழுதிட்டு விலையை நேரா நம்ம கணக்கு நோட்டுலயே எழுதிட்டுப் போகச் சொல்லலாம். ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதினவங்க இத்தனை வருசமா பண்ணினது எல்லாம் இந்த மூணு வழிதான், வேணும்னா ஒண்ணோட ஒண்ணைக் கலந்திருப்பாங்கன்னு சொல்லிட்டு, மிச்ச நோட்ஸ் முழுக்க ஒவ்வொரு சிஸ்டமா எடுத்து இது முதல் வழி, இது ரெண்டாவது வழின்னு பிரிச்சுட்டே போறாரு.

முதல் வழிக்கு லினக்ஸ். 64 பிட் இன்டெல், ஏஎம்டி மிசின்ல சிஸ்டம் கால் நம்பரை ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டர்ல (பிராசசருக்குள்ள நம்பர் வெக்கற இடம்) போட்டுட்டு சிஸ்கால்ங்கற இன்ஸ்ட்ரக்சனை ஓட்டினா, பதிலும் அதே ஆர்ஏஎக்ஸ்லதான் வந்து உக்காரும். நாம போட்ட நம்பர் போயிரும், பதில் வந்துரும். கூடவே ஆர்சிஎக்ஸ், ஆர்11 ரெண்டு ரெஜிஸ்டரும் அழிஞ்சுரும், ஏன்னா திரும்பி வர வேண்டிய அட்ரஸை ஒண்ணுலயும் ஃபிளாக்ஸை இன்னொண்ணுலயும் பிராசசரே வெச்சுக்குது. அசெம்ப்ளி எழுதற பசங்க லூப் கவுன்ட்டரை ஆர்சிஎக்ஸ்ல வெச்சுட்டு நடுவுல ஒரு ரைட் (எழுதற) கால் போட்டு லூப் எங்கயோ ஓடிப்போறது இதனாலதான். ஆர்ம் 64 பிட்டுல நம்பர் எக்ஸ்8ல போகும் பதில் எக்ஸ்0ல வரும், ரிஸ்க்5ல ஏ7ல போகும் ஏ0ல வரும், இதையெல்லாம் ஒரு சின்ன டேபிளா போட்டிருக்காரு, அதை அப்படியே கிழிச்சு டேபிள் மேல ஒட்டிக்கலாம்.

இனி தப்பை எப்படி சொல்லுது? மைனஸ் 4095ல இருந்து மைனஸ் 1 வரைக்கும் இருக்கற நம்பர் வந்தா அது எரர், மத்தது எல்லாம் நெசமான பதில். ஏன் 4095ன்னு நானும் நெம்ப நாளா யோசிச்சதில்லைங்க, இவரு ஒரு பாரால தெளிவா வெச்சிருக்காரு: மெமரி கேக்கற எம்மேப் மாதிரி கால் எல்லாம் ஒரு மெமரி அட்ரஸைத்தான் பதிலா குடுக்கும், அட்ரஸை நம்பரா பாத்தா ரொம்பப் பெருசா இருக்கும், அதனால நெகட்டிவா பாசிட்டிவான்னு மட்டும் பாத்து எரரை முடிவு பண்ண முடியாது, ஆனா அட்ரஸ் வரிசையோட கடைசி 4096 பைட் பேஜை யாருக்கும் குடுக்கறதே இல்லைங்கறதால அந்த இடத்தை எரருக்குன்னு எடுத்துக்கிட்டாங்க. விலையா வரவே முடியாத நம்பர்னு முன்னால சொன்னாரே, அது இதுதான்.

ஆனா சி எழுதறவங்க யாரும் மைனஸ் 2, மைனஸ் 13 எல்லாம் பாக்கறதில்லை. நடுவுல ஜிலிப்சின்னு சி லைப்ரரி ஒருத்தன் உக்காந்துட்டு, ஆபரேட்டிங் சிஸ்டத்தோட உள்பகுதியான கெர்னல் குடுத்த மைனஸ் 2ஐ வாங்கி, 2ன்னு எர்நோங்கற எடத்துல போட்டுட்டு, நம்மகிட்ட மைனஸ் 1 மட்டும் குடுக்கறான். 2ன்னா ஈநோஎன்ட், ஃபைல் இல்லை. 13ன்னா ஈஏக்சஸ், பர்மிசன் இல்லை. 28ன்னா ஈநோஎஸ்பிசி, டிஸ்க்குல இடம் இல்லை. புரோகிராம் போடற சிஸ்டம் காலை எல்லாம் காட்டற எஸ்ட்ரேஸ் போட்டு ஓட்டினா ஒவ்வொரு கால் முடிவுலயும் சமம் மைனஸ் 1 ஈநோஎன்ட்னு வரிசையா ஓடறதைப் பாக்கலாம். ஒரு சாதாரண புரோகிராம் ஸ்டார்ட் ஆகறதுக்குள்ளயே லைப்ரரியை அங்க இங்க தேடி இத்தனை ஈநோஎன்ட் வாங்குதான்னு முதல் தடவை பாக்கறவங்க பயந்துருவாங்க, அது தப்பு இல்லை, தேடற விதமே அப்படித்தான்னு அதுக்கும் ஒரு குறிப்பு வெச்சிருக்காரு, நல்ல வேலை.

இந்த எடத்துல நோட்ஸ்ல ஒரு தப்பு இருக்குதுங்க, வாங்கறவங்க பேனாவுல அடிச்சுக்கோங்க. "கால் நல்லபடியா முடிஞ்சா எர்நோ 0 ஆயிரும்"னு போட்டிருக்காரு. ஆகாது. சிஸ்டம் காலோ லைப்ரரி ஃபங்சனோ எதுவுமே எர்நோவை 0 ஆக்கறதில்லை, போன தடவை வந்த எரர் நம்பர் அப்படியே கிடக்கும், சில சமயம் நல்லா முடிஞ்ச ஃபங்சனே உள்ளுக்குள்ள வேற ஏதோ கால் ஃபெயில் ஆனதால எர்நோவை மாத்தி வெச்சுட்டும் போயிருக்கும். அதனால முதல்ல ரிட்டர்ன் வேல்யூவைப் பாக்கோணும், அது ஃபெயிலுன்னு சொன்னாத்தான் எர்நோவைத் தொடோணும், அதுவும் நடுவுல ஒரு பிரின்ட்எஃப்கூட போடாம உடனே எடுத்து வெச்சுக்கோணும், அந்த பிரின்ட்எஃப்பே எர்நோவை மாத்திரலாம். இதைத் தப்பா எழுதினவரு நாலு பக்கம் தள்ளி கெட்பிரையாரிட்டியைப் பத்திப் பேசறப்போ தானே சரியா எழுதியிருக்காரு, அதான் கூத்து.

அந்த கெட்பிரையாரிட்டி பகுதி அருமைங்க. ஓடிட்டிருக்கற ஒரு பிராசசுக்கு எவ்வளவு முன்னுரிமைன்னு சொல்ற நைஸ் வேல்யூவை இந்தக் கால் குடுக்கும், அது மைனஸ் 20ல இருந்து 19 வரைக்கும் இருக்கலாம். அப்போ மைனஸ் 1ன்னு வந்தா அது எரரா, இல்லை நெசமாவே நைஸ் வேல்யூ மைனஸ் 1ஆ? கெர்னல்காரங்க இதுல மாட்டக்கூடாதுன்னு 20ல இருந்து நைஸைக் கழிச்சு 1ல இருந்து 40 வரைக்கும் பாசிட்டிவ் நம்பராத்தான் திருப்பிக் குடுக்கறாங்க. ஜிலிப்சி அதை மறுக்கா பழைய கணக்குக்கு மாத்தி நம்ம கையில குடுக்குது, மாத்தினதும் குழப்பம் திரும்பி வந்துருது. அதனால கூப்பிடறதுக்கு முன்னாடி நாமளே எர்நோவுல 0 போட்டுட்டு, மைனஸ் 1 வந்தா எர்நோவைப் பாத்து முடிவு பண்ணோணும். கெர்னல் ஒழுங்கா குடுத்ததை லைப்ரரி கெடுத்து நம்ம தலையில கட்டுதுன்னு மனுசன் கொஞ்சம் கோவமாவே எழுதியிருக்காரு, எனக்கு அந்தக் கோவம் புடிச்சுது.

ரெண்டாவது வழி, அதாவது ஓரத்துல டிக் அடிக்கறது. டாஸ்ல இன்ட் 21 ஹெக்ஸ் போட்டு, ஏஹெச்ல 3டின்னு வெச்சு ஃபைல் ஓப்பன் பண்ணினா, கேரி ஃபிளாக்ங்கற பிராசசரோட ஒரு பிட்டு 0ன்னா ஏஎக்ஸ்ல ஃபைல் ஹேண்டில் (தொறந்த ஃபைலோட நம்பர்), கேரி ஃபிளாக் 1ன்னா அதே ஏஎக்ஸ்ல எரர் நம்பர். 2ன்னா ஃபைல் இல்லை, 3ன்னா பாத் இல்லை, 5ன்னா விட மாட்டேன். ஒரே 5 ஹேண்டிலாவும் இருக்கலாம் எரராவும் இருக்கலாம், ஃபிளாக்கைப் பாத்தாத்தான் தெரியும், ஆனா எந்த நம்பரையும் ஒதுக்கி வெக்க வேண்டியதில்லை. பிடிபி 11 கம்ப்யூட்டர்ல ஓடின பழைய யுனிக்ஸும் கேரி பிட்டுலதான் எரரைச் சொல்லுச்சு. அது ஏதோ தாத்தா காலத்து சமாசாரம்னு நினைச்சா, இன்டெல் மிசின்ல ஃப்ரீபிஎஸ்டியும் மேக்கும் இன்னைக்கும் அப்படித்தான், கேரி ஃபிளாக் ஏறியிருக்கும், எரர் நம்பர் பாசிட்டிவா ஆர்ஏஎக்ஸ்ல இருக்கும். லினக்ஸ்ல எழுதின அசெம்ப்ளியை மேக்ல கொண்டு போயி நெகட்டிவா இருக்கான்னு மட்டும் செக் பண்ணிட்டிருந்தா எரர் 2 வர்றப்போ அதை ஃபைல் டிஸ்கிரிப்டர் (இங்க தொறந்த ஃபைலோட நம்பர்) 2ன்னு நினைச்சு எரர் அவுட்புட்டுல எழுதிட்டிருக்கும்.

மெயின்ஃப்ரேம் அத்தியாயம் சின்னதுதான், ஆனா அங்கதான் மனுசன் சொந்த ஊருக்கு வந்தவராட்டம் எழுதறாரு. ஐபிஎம் 360 காலத்துல இருந்து வர்ற வழக்கம், ரெஜிஸ்டர் 14ல திரும்பி வர வேண்டிய அட்ரஸ், 15ல ரிட்டர்ன் கோட். 0ன்னா சுத்தம், 4ன்னா வார்னிங், 8, 12, 16ன்னு ஏற ஏற மோசம். ஏன் நாலு நாலா ஏறுதுன்னா, ஒரு பிராஞ்ச் இன்ஸ்ட்ரக்சன் 4 பைட், பிராஞ்சை எல்லாம் வரிசையா அடுக்கி வெச்சுட்டு ரெஜிஸ்டர் 15ஐ அப்படியே கூட்டித் தாவினா சரியான எடத்துல போயி உளுவும், பெருக்கல் எதுவும் வேண்டாம். வேக்ஸ் மிசினோட விஎம்எஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்துல வேற கதை, ஆர்0ல வர்ற நம்பர் ஒத்தைப்படையா இருந்தா நல்லா முடிஞ்சுது, ரெட்டைப்படைன்னா ஏதோ கோளாறு, நார்மல்ங்கறதே 1தான். யுனிக்ஸ்ல 0 வந்தா சந்தோசம், விஎம்எஸ்ல 0 வந்தா வார்னிங். ரெண்டு பக்கமும் வேலை பாத்தவரு போல, "ரெண்டுக்கும் நடுவுல என் தலை"ன்னு அடைப்புக்குறிக்குள்ள ஒரு லொள்ளு.

இப்போ இந்த நோட்ஸை நான் ஏன் இவ்வளவு தூக்கிப் பேசறேன்னா அந்த ரீட் காலைப் பத்தின பகுதிக்காகத்தாங்க. எரரை விட மோசமானது பாதி பதில்ங்கறாரு. ரீட் கால் மைனஸ் 1 குடுத்தா எரர், 0 குடுத்தா ஃபைல் முடிஞ்சுது, மத்தபடி எத்தனை பைட் வந்துச்சோ அந்த எண்ணிக்கை, அது நீங்க கேட்டதை விடக் கம்மியா இருக்கலாம், அது தப்பே கிடையாது. ரைட்டும் அதே மாதிரிதான், பாதி எழுதிட்டு இவ்வளவுதான் எழுதினேன்னு வரும், மிச்சத்தை மறுக்கா நாமதான் குடுக்கோணும்.

இதைப் படிச்சுட்டு திருப்பூர்ல ஒரு நிட்டிங் யூனிட்டுல நூல் மூட்டை எடை போடற சாப்ட்வேரைப் பாத்தேன், முந்தி யாரோ எழுதிக் குடுத்தது, இப்போ எங்க ஆபீஸ்ல பாத்துக்கறோம். அங்க எப்பவாச்சும் எடை கிராம் கணக்குல தப்பா வரும், எடை மிசின்காரனைக் கூப்பிட்டு காலிபரேசன் பண்ணுவாங்க, மறுக்கா வரும். எடை மிசின் சீரியல் போர்ட் வழியா 48.250ன்னு எழுதி வரி முடிவு போட்டு அனுப்பும். போர்ட் ரா மோடுல, அதாவது வரி முடியற வரைக்கும் காத்திருக்காத நிலையில இருக்கு, அதனால வந்த வரைக்கும் எதுவோ அதை ரீட் குடுத்துரும். அடுத்த மூட்டை 51.730 கிலோ. ரீட் போட்ட நேரத்துக்கு 51ம் புள்ளியும் மட்டும் வந்திருக்கு, ரிட்டர்ன் வேல்யூ 3. அந்த 3ஐ புரோகிராம் பாக்கவே இல்லை. படிச்சது வந்து உக்கார்ற பஃபரையும் துடைக்கலை. பழைய 48.250க்கு மேல முதல் மூணு எழுத்து மட்டும் மாறிப் போயி 51.250ன்னு நிக்குது, பாக்கறதுக்கு எந்தக் குறையும் இல்லாத ஒரு எடை, பில்லுக்கும் போயிருது. அடுத்த ரீட்ல மிச்சம் 730ம் வரி முடிவும் வந்து முன்னாடி உக்காந்துக்கும், 730 கிலோன்னு ஆயிடும், ஒரு மூட்டை இவ்வளவு கனம் இருக்காதுன்னு சாப்ட்வேர் அதைச் சத்தமில்லாம தள்ளிரும். ஆக தப்பான எடை நிக்குது, சந்தேகம் வர வேண்டியது காணாமப் போயிருது. அரைக் கிலோ நூல் ஒவ்வொரு தடவையும் யாரு கணக்குல போச்சுன்னு அந்த யூனிட்டுல எத்தனை பழமை பேசியிருப்பாங்களோ. எஸ்ட்ரேஸ் போட்டா ஒரே நிமிசத்துல தெரியுது, ரீட் காலுக்கு எதுக்க சமம் 7, சமம் 7, சமம் 3, சமம் 4. வரி முடிவு வர்ற வரைக்கும் சேத்து வெச்சுப் படிக்கற மாதிரி மாத்தினதுக்கப்புறம் எடை மிசின்காரருக்கு அங்க சோலி இல்லாமப் போச்சு.

மூணாவது வழி, கணக்கு நோட்டுலயே எழுதிட்டுப் போறது. ஸ்டாட் கால் ஒரு ஃபைலோட சைஸ், ஓனர், தேதின்னு அத்தனையும் குடுக்கோணும், ஒரு ரெஜிஸ்டர்ல அடங்காது, அதனால நாம ஒரு ஸ்ட்ரக்சர் அட்ரஸ் குடுக்கறோம், கெர்னல் அதுல எழுதிட்டு 0 மட்டும் ரிட்டர்ன் பண்ணுது. ஒரு புரோகிராம்ல இருந்து இன்னொண்ணுக்கு டேட்டா கடத்தற பைப் கால் ரெண்டு டிஸ்கிரிப்டரை நம்ம அர்ரேல போடுது. பிடிபி 11 யுனிக்ஸ்ல பைப் ரெண்டையும் ஆர்0, ஆர்1னு ரெண்டு ரெஜிஸ்டர்லயே குடுத்துச்சாம், இது எனக்குப் புதுசு. நாம குடுத்த அட்ரஸ் தப்பா இருந்தா கெர்னல் எழுதப் பாத்து முடியாம மைனஸ் 14, ஈஃபால்ட்னு திருப்பி அனுப்பும்.

இங்க ஒரு குறை சொல்லோணும். அசெம்ப்ளி உதாரணம் எல்லாத்துக்கும் சிஸ்காலுக்குப் பதிலா இன்ட் 80 ஹெக்ஸ்ங்கற இன்ஸ்ட்ரக்சனையே வெச்சிருக்காரு, அது 32 பிட் பழக்கம். இப்போ பசங்க லேப்டாப்ல 64 பிட்டா கம்பைல் பண்ணினாலும் அது ஓடும், ஓடறதுதான் பிரச்சினையே. கெர்னல் அதை 32 பிட் காலாத்தான் எடுத்துக்கும், அட்ரஸோட கீழ் பாதியை மட்டும் பாக்கும், ஸ்டாக்ல இருக்கற பஃபரைக் குடுத்தா ஈஃபால்ட் வந்து நிக்கும், பையன் தன் கோடுல தப்பைத் தேடிட்டு ராத்திரி பூரா உக்காந்திருப்பான். கால் நம்பரும் வேற, ரைட்டுக்கு 32 பிட்டுல 4, 64 பிட்டுல 1, அந்த 1 32 பிட்டுல எக்சிட். இதை ஒரு எச்சரிக்கையாச்சும் போட்டிருக்கலாம்.

புது பிராசஸ் உண்டாக்கற ஃபோர்க்கைப் பத்தி அதிகம் இல்லை, ஒருக்கா கூப்பிட்டா ரெண்டு பக்கம் திரும்பி வரும், குழந்தைக்கு 0, அப்பனுக்குக் குழந்தையோட பிராசஸ் நம்பர், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா எக்சிட் ஸ்டேட்டஸ் பகுதி ஆபீஸ்ல ஸ்கிரிப்ட் எழுதறவங்க எல்லாரும் படிக்க வேண்டியது. புரோகிராம் எந்த நம்பரோட எக்சிட் ஆனாலும் வெயிட்பிட்ல வாங்கற அப்பனுக்குக் கடைசி 8 பிட்டுதான் வந்து சேரும், அதனால 256ன்னு எக்சிட் ஆனா 0, ஒரு கோளாறும் இல்லைன்னு ஆயிரும், மைனஸ் 1ன்னா 255. எத்தனை எரர் வந்துச்சோ அந்த எண்ணிக்கையையே எக்சிட் கோடா குடுக்கறவங்க இருக்காங்க, சரியா 256 எரர் வந்த அன்னைக்கு எல்லாம் பாஸ். 127ன்னா கமாண்டே இல்லை, 126ன்னா இருக்கு ஓட்ட முடியலை, 128க்கு மேலன்னா பெரும்பாலும் சிக்னல் அடிச்சு செத்துச்சு, 137ன்னா 9ம் நம்பர் கில், 139ன்னா செக்மென்டேசன் ஃபால்ட், இப்படி கமாண்ட் ஓட்டற ஷெல் சொல்ற கணக்கையும் போட்டிருக்காரு.

அதோட சேத்து பைப்லைன், அதாவது ஒரு கமாண்டோட அவுட்புட்டை அடுத்த கமாண்டுக்குத் தள்ளறது. டேட்டாபேஸ் டம்ப் எடுத்து, சுருக்கறதுக்கு ஜிசிப்புக்குத் தள்ளற பேக்கப் ஸ்கிரிப்ட் நம்ம ஊர்ல பாதி கம்பெனியில இருக்கும். டம்ப் பாஸ்வேர்ட் தப்பாகி செத்தாலும் ஜிசிப் நல்லாத்தான் முடியும், ஒண்ணுமில்லாததைச் சுருக்கி 20 பைட்டுல ஒரு ஃபைல் போட்டுட்டு 0ன்னு சொல்லிட்டுப் போயிரும், பைப்லைன்ல கடைசி ஆளு சொல்றதுதான் ஷெல்லுக்கு ரிட்டர்ன் கோட். பாஷ்ல பைப்ஃபெயில் செட் பண்ணோணும். இதைப் படிச்சதும் புத்தகத்தை வெச்சுட்டு உங்க பேக்கப் ஃபோல்டர்ல ஃபைல் சைஸைப் போய்ப் பாருங்க, 20 பைட் ஃபைல் வரிசையா இருந்தா அன்னைக்கு வெசனப்பட வேண்டியதுதான்.

விண்டோஸ் அத்தியாயம் ஒப்புக்கு எழுதினதுங்க, கரெக்டா சொன்னா ஒண்ணரைப் பக்கம். கோயமுத்தூர், திருப்பூர், கரூர்னு எங்க போனாலும் பில்லிங் மிசின் எல்லாம் விண்டோஸ்லதான் ஓடுது, அதுக்கு இவ்வளவுதானா? கடைசி எரர் நம்பரைக் குடுக்கற கெட்லாஸ்ட்எரர் ஒவ்வொரு திரெட்டுக்கும் (புரோகிராமுக்குள்ள ஒரே நேரத்துல ஓடற தனித்தனி வேலை) தனின்னு சொல்றாரு, கிரியேட்ஃபைல் ஃபெயில் ஆனா மைனஸ் 1 ஹேண்டில் வரும், ஓப்பன்பிராசஸ் ஃபெயில் ஆனா நல், அதாவது 0 வரும், ஒண்ணை செக் பண்ற மாதிரி இன்னொண்ணை செக் பண்ணினா ஏமாந்துருவோம்னு சொல்றாரு, அதோட முடிஞ்சுது. விண்டோஸோட இன்னொரு எரர் கோட் முறையான ஹெச்ரிசல்ட் பத்தி ஒரு வார்த்தை இல்லை. சாப்ட்வேரை ரெண்டு தடவை தொறக்க விடாம இருக்கறதுக்கு எல்லாரும் பண்ற வேலை, கிரியேட்மியூடெக்ஸ்ல ஒரு பேர் வெச்ச பூட்டு போட்டு, ஹேண்டில் நல்லபடியா வந்த பொறவும் கெட்லாஸ்ட்எரர்ல 183, ஏற்கனவே இருக்குதுன்னு வருதான்னு பாக்கறது, ஜெயிச்ச கால் கூட எரர் நம்பர்ல சேதி சொல்ற அழகான உதாரணம், அதை எப்படி விட்டாருன்னு தெரியலை.

திரெட் உண்டாக்கற பிதிரெட் லைப்ரரி பத்தி இருக்கறது கம்மி, ஆனா சரியா இருக்கு. எர்நோங்கறது ஒரு சாதா குளோபல் வேரியபிள் இல்லை, திரெட்டுக்கு ஒண்ணு இருக்கற மாதிரி மேக்ரோ. பிதிரெட் ஃபங்சன்க எர்நோவைத் தொடறதே இல்லை, எரர் நம்பரை நேரா ரிட்டர்ன் வேல்யூவா குடுக்கும், அதனால பிதிரெட் கிரியேட்டை மைனஸ் 1க்கு செக் பண்ற கோடு எப்பவுமே ஃபெயிலைப் பாக்காது, 11ன்னு ஈஅகெய்ன் வந்தாலும் எல்லாம் நல்லா இருக்குன்னு போயிட்டே இருக்கும். எம்மேப் ஃபெயில் ஆனா நல் வராது, மைனஸ் 1ஐ பாயின்ட்டராக்கி மேப் ஃபெயில்டுன்னு குடுக்கும், சி லைப்ரரியில மெமரி கேக்கற மேலாக் பழக்கத்துல நல் செக் பண்றவங்க மாட்டிக்குவாங்க.

அப்பறம் அச்சு. இதைச் சொல்லாம விட முடியாதுங்க. கடையில ஒரிஜினலை வெச்சுட்டு ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து விக்கறாங்க, நான் வாங்கின காப்பியில பல எடத்துல மைனஸ் குறியே விழலை. மைனஸ் 1 வர வேண்டிய எடத்துல வெறும் 1. ரிட்டர்ன் வேல்யூ பத்தின நோட்ஸ்ல மைனஸ் காணாமப் போனா மிச்சம் என்ன இருக்கு? கெட்பிரையாரிட்டி பக்கத்துல "20ல இருந்து 19 வரை"ன்னு இருக்கறதைப் பாத்துட்டு ஒண்ணும் புரியாம ரெண்டு தடவை படிச்சுட்டு அப்பறம் நானே பேனாவுல கோடு போட்டேன். கடைக்கார அண்ணன்கிட்ட சொன்னா "தம்பி, பழைய காப்பியா இருக்கும், கொண்டாங்க மாத்திக் குடுக்கறேன்"னு சிரிச்சாரு, மாத்தியும் குடுத்தாரு, அது கொஞ்சம் தேவலை, டேபிள் எல்லாம் தெளிவா இருக்கு, எஸ்ட்ரேஸ் அவுட்புட் பக்கம் மட்டும் இன்னும் மங்கல்.

அஞ்சுக்கு நாலு குடுக்கலாம்னு இருந்தேன், விண்டோஸுக்கும் இன்ட் 80க்கும் அரை கொறச்சு மூணரை. எம்பெடட் பக்கம் போற பசங்க, எடை மிசின், பிஎல்சி, பார்கோடுன்னு ஃபேக்டரி சாப்ட்வேர் எழுதறவங்க, சர்வர் பாத்துக்கறவங்க வாங்குங்க. ஜாவாவும் பைத்தானும் மட்டும் எழுதறவங்களுக்கு ரீட் பகுதியும் எக்சிட் ஸ்டேட்டஸ் பகுதியும் போதும், கூட இருக்கறவங்ககிட்ட வாங்கிப் படிச்சுக்கலாம். வாங்கறப்போ கடையிலயே நின்னு கெட்பிரையாரிட்டி பக்கத்தைத் தொறந்து மைனஸ் இருக்குதான்னு பாத்துட்டுக் காசு குடுங்க, ஜிபே எடுத்துக்கறாங்க, ஞாயித்துக்கிழமை கடை கிடையாது.